கால்கள் திடீரெனத் தளர்ந்தால்... கில்லன்-பாரே நோய் பற்றி அறிவோம்

2025 ஜனவரியில் புனே நகரின் சிங்ஹகட் சாலைப் பகுதியில் பலருக்குக் கை கால்கள் செயலிழந்தன. சில வாரங்களில், சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து, 200-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அசுத்தமான குடிநீர் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. கில்லன்-பாரே (ஜி.பி.எஸ்.) என்ற இந்த நரம்பு நோய் எந்த வயதினருக்கும் வரலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே வரும் அரிய நோய் என்பதால், நம் குடும்பங்களில் பலருக்கு இதன் பெயரே தெரியாது.

ஏன் வருகிறது?

பெரும்பாலும் வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து ஒன்று முதல் ஆறு வாரங்களுக்குள் இது தொடங்குகிறது. கேம்பைலோபாக்டர் என்ற கிருமியின் மேலுறை நம் நரம்பின் பொருளை ஒத்திருக்கிறது. அதனால் கிருமியை எதிர்க்க உருவான எதிர்ப்புச் சக்தி நரம்பையே தாக்கிவிடுகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

அடையாளங்கள்

முதலில் பாதங்களில் மதமதப்பு. பின்னர் இரு கால்களிலும் பலவீனம் தோன்றி மேல்நோக்கி ஏறும். மாடிப்படி ஏறுவதும் ஸஜ்தாவிலிருந்து எழுவதும் சிரமமாகும். படிக்கும் பிள்ளை இப்படிச் சொன்னால், "பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான்" என்று நாம் தள்ளிவிடக் கூடாது. மூச்சுத் திணறலோ விழுங்குவதில் சிரமமோ இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது.

சிகிச்சை

ஆய்வுகள் உறுதிசெய்த சிகிச்சைகள் இரண்டு. ஒன்று, இரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்து மாற்றுவது. மற்றொன்று, ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து தயாராகும் இம்யூனோகுளோபுலின் ஊசி. இது வழக்கமாக ஐந்து நாட்கள் இரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படும். 50 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 100 கிராம் தேவை என்பதால் செலவு அதிகம். 1992-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, இந்த ஊசி பிளாஸ்மா மாற்றத்துக்கு ஈடானது என்று காட்டியது. ஒன்றை முடித்துவிட்டு உடனே மற்றதையும் செய்வதால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை இந்நோய்க்குப் பலன் தருவதில்லை. முதல் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சையைத் தொடங்குவதே முக்கியம்.

ஓதிப் பார்ப்பதும் துஆ செய்வதும் நம் வழக்கம். அதற்காக மருத்துவமனைக்குப் போவதை நாளைக்கு என்று ஒத்திவைக்க மார்க்கம் சொல்லவில்லை.

மனதையும் கவனிப்போம்

உடல் அசையாவிட்டாலும் நோயாளிக்குப் பொதுவாக நினைவு தெளிவாகவே இருக்கும். வென்டிலேட்டரில் இருப்பவர் நாம் பேசுவதைக் கேட்கிறார். எனவே கட்டில் அருகே நின்று செலவைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் பேசக் கூடாது. இன்று என்ன கிழமை, வெளியே யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்வோம். கண் சிமிட்டிப் பதில் சொல்லப் பழக்குவோம்.

பெரும்பாலோர் ஆறு மாதங்களுக்குள் தாமாக நடக்கிறார்கள். ஆனால் களைப்பும் மனச்சோர்வும் நீண்ட காலம் நீடிக்கலாம். வகுப்பில் பின்தங்கிவிட்டோமே என்று மாணவர் கலங்குவார். பள்ளியில் பேசிப் பாடச்சுமையைக் குறைக்கச் செய்வோம். பிசியோதெரபியை இடையில் நிறுத்த வேண்டாம். சோர்வு தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிற்க முடியாதவர் உட்கார்ந்தோ படுத்தோ தொழ அனுமதி உண்டு என்பதையும் அவருக்கு நினைவூட்டுவோம்.

குடிநீரைக் கொதிக்க வைப்போம், கோழி இறைச்சியை நன்றாக வேக வைப்போம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக!