வாயில்லாச் சீவனுக்கும் தாபரிப்பு

‘மிருக உரிமை’ என்றாலே நம்மவர்களுக்கு ஒரு சந்தேகம். மாடறுப்பைத் தடைசெய்ய 2020 செப்டம்பரில் அமைச்சரவை கொள்கையளவில் இணங்கிய பின்னர் அது இன்னும் கூடிற்று. “இது எங்கட உழ்ஹிய்யாவுக்கு வைக்கிற ஆப்பு” என்ற பேச்சு ஏறாவூரிலும் எழும். அதில் நியாயம் உண்டு. அதற்காக அந்தச் சொல்லையே பிறர் கையில் விட்டுவிடலாமா?

ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (மறைவு 1262), மனிதன் மீது மிருகங்களுக்குள்ள ‘ஹக்கு’களை வரிசைப்படுத்தினார். கிழடானாலும் நோயுற்றாலும் தீனி கொடுக்க வேண்டும். சக்திக்கு மீறிச் சுமத்தக் கூடாது. குட்டிகளை அதன் கண்முன் அறுக்கக் கூடாது. அவருக்குச் சற்றுப் பின்வந்த இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’, மனைவி, பிள்ளை, உறவினர் ஆகியோரின் தாபரிப்பைச் சொல்லும் அதே பாடத்தின் இறுதியில் கால்நடையையும் சேர்க்கிறது. கன்றுக்குக் கேடாகும்படி பால் கறப்பது கூடாது. உரிமையாளன் தீனி கொடுக்க மறுத்தால், விற்கவோ, தீனி கொடுக்கவோ, உண்ணத்தக்கதாயின் அறுக்கவோ அவனைக் கட்டாயப்படுத்தலாம். அதாவது, இது வெறும் இரக்கமல்ல. அதிகாரத்தால் நிறைவேற்றக்கூடிய கடமை.

இலங்கையில் அந்தப் பாடம் இரண்டாகப் பிரிந்தது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி மனைவி, பிள்ளைகளின் தாபரிப்பைக் காதியார் விசாரிக்கிறார். மாட்டின் பங்கோ, ஆங்கிலேயர் 1907இல் இயற்றிய மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தோடு நின்றுவிட்டது. 1978 அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை, இயற்கையைப் பாதுகாப்பது ஒவ்வொருவரதும் கடமை என்கிறது. ஆனால் அதை வைத்து வழக்காட முடியாதென 29ஆம் உறுப்புரை கதவைச் சாத்திவிடுகிறது.

ஈக்குவடோர் வேறு வழி சென்றது. அதன் 2008 அரசியலமைப்பு இயற்கையையே உரிமையுடையதாக ஏற்றது. ‘எஸ்ட்ரெல்லிட்டா’ என்ற குரங்கின் வழக்கில், தனியொரு காட்டு விலங்குக்கும் அந்த உரிமை உண்டென 2022 ஜனவரியில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உணவுக்காக மிருகங்களைப் பயன்படுத்துவதை அது மறுக்கவில்லை. நமது பிக்ஹும் அறுக்க அனுமதித்துக்கொண்டேதான் ஹக்கையும் பேசிற்று.

ஆகவே கேள்வி அறுப்பதா வேண்டாமா என்பதல்ல. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் லொறியில் நெருக்கி ஏற்றப்படும் மாட்டுக்கும், இரவில் பிரதான வீதியில் படுத்துக் கிடக்கும் கட்டாக்காலிக்கும் யார் பொறுப்பு? வெளியார் கேட்குமுன் இதை நம் பள்ளிவாசல்களும் உலமாக்களும் கேட்கட்டும். கிதாபிலே பதில் எப்போதோ எழுதியாயிற்று.