உப்பு கரையும்... மரு?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டும்போது, உப்பளங்களில் குவித்திருக்கும் வெள்ளை மலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்புக்குக் குழம்பைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு - மரு போக்குவது! வைத்தீஸ்வரன்கோயிலில் உப்பும் மிளகும் போட்டால், உப்பு கரைவதுபோல மருவும் கரைந்துவிடும் என்பது பாட்டிமார்கள் கணக்கு.

சிரிக்காதீர்கள். நவீன விஞ்ஞானத்துக்கு வழிபோட்ட பிரான்சிஸ் பேகனும் இதே ரகம்தான்! சுமார் 16 வயதில், பாரீஸில் இருந்தபோது, ஒரே மாதத்தில் அவர் கைகளில் நூறு மரு முளைத்தது. ஆங்கிலத் தூதரின் மனைவி, தோலோடு கூடிய பன்றிக் கொழுப்பை அவற்றின்மேல் தேய்த்து, வெயில் படும் ஜன்னலில் ஆணியடித்து மாட்டினார். ஐந்தே வாரம், எல்லாம் காலி! சின்ன வயசிலிருந்து ஒட்டியிருந்த ஒரு பழைய மரு உட்பட. புதுசு போனதில் பேகனுக்கு ஆச்சரியமில்லை; பழசு போனதுதான் மனுஷரைக் குழப்பியது.

விடைக்கு 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தாலிய டாக்டர் சியுஃபோ, மருவை அரைத்து, பாக்டீரியாகூட நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தத் திரவத்தைத் தன் தோலிலேயே ஏற்றிக்கொண்டார். மரு முளைத்தது. வைரஸ்! உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டால் பழசு, புதுசு எல்லாம் சேர்ந்தே உதிரும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குள். பெயர் மட்டும் உப்புக்கு!

கழுத்தில் தொங்கும் சதைத்துணுக்கையும் நாம் மரு என்றுதான் சொல்கிறோம். அது வேறு சமாச்சாரம். பொதுவாகத் தானாக விழாது. அதனால்தான் தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது, சுண்ணாம்போடு சோடா குழைத்து வைப்பது எல்லாம். கட்டினால் சீழ் பிடிக்கலாம். சுண்ணாம்போ நல்ல தோலையும் சேர்த்து அரித்துவிடும். கறுத்து, வளர்ந்து, ரத்தம் கசிகிற மச்சத்தில் அதை வைத்தால், டாக்டர் பரிசோதிக்க வேண்டிய சதையையே நீங்கள் எரித்துவிடுகிறீர்கள்.