நிலப்பத்திரமும் மின்னூல் முகப்பும்: கருவிகள் மாறும்போது பயன்பாட்டுக் குறிப்புகள் நிலைபெறும் முறை

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருளின் பதிப்பு மாறுந்தோறும் அதற்கென எழுதப்பட்ட பயன்பாட்டுக் குறிப்புகள் பழையனவாகிவிடுகின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல் முகப்புகளை முதன்மைச் சான்றாகவும், அஞ்சுகிராமம் உள்ளிட்ட நாஞ்சில் நாட்டுப் பகுதியின் நிலப்பத்திர மரபை ஒப்பீட்டுச் சான்றாகவும் கொண்டு, ஒரு குறிப்பில் எப்பகுதி விரைவில் பழமையுறுகிறது, எப்பகுதி நிலைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மதுரைத் திட்டம், திஸ்கி, ஒருங்குறி, குறியாக்கம், பயன்பாட்டுக் குறிப்பு, அஞ்சுகிராமம், நிலப்பத்திரம்

முன்னுரை

அகத்தீசுவரம் வட்டத்தின் கிழக்கெல்லையில், திருநெல்வேலிச் சீமையை ஒட்டி அமைந்த ஊர் அஞ்சுகிராமம். 1956 நவம்பர் 1ஆம் நாள், கொல்லம் 1132 ஐப்பசியில், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது இவ்வூரும் உடன் வந்தது. நிலம் இடம்பெயரவில்லை, அதனைக் குறிக்கும் கருவிகள் மாறின. கொல்லம் ஆண்டு இருந்த இடத்தில் ஆங்கில ஆண்டு வந்தது. கோட்டை விதைப்பாட்டுக் கணக்கை ஏக்கரும் சென்டும் பின்தள்ளின. திருவிதாங்கூர்க் கால அளவையில் இடப்பட்ட எண்ணுக்குப் பின்னர் மறுஅளவை எண் வந்து சேர்ந்தது.

இம்மாற்றங்களைப் பத்திர எழுத்தர்கள் எதிர்கொண்ட முறை எளியது. பழைய சர்வே எண்ணையும் ரீசர்வே எண்ணையும் ஒரே பத்திரத்தில் அடுத்தடுத்து எழுதினர். முன்னாவணத்தின் நாளைச் சுட்டினர். எண்கள் இரண்டும் பொய்த்தாலும் நிலத்தை அடையாளங்காட்டும் வகையில் நான்கெல்லையை, அதாவது செக்குபந்தியை, விரித்துரைத்தனர். பழையதை நீக்கிப் புதியதை எழுதுவது இம்மரபின் வழக்கமன்று. இரண்டையும் நிறுத்தி, இடையிலுள்ள உறவைக் கூறுவதே வழக்கம். கணினித் தமிழின் முதற் பத்தாண்டில் எழுதப்பட்ட வழிகாட்டிக் குறிப்புகளை மதிப்பிட இம்மரபு ஓர் அளவுகோலாக அமைகிறது.

மதுரைத் திட்டத்தின் முகப்பு

மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழும் கு. கல்யாணசுந்தரம் தலைமையேற்க, அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ச்சுனன் துணைநின்றார். பல நாடுகளில் பரவியிருந்த தன்னார்வலர்கள் இலக்கிய நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் அளித்தனர். ஒவ்வொரு மின்னூலின் தலைப்பிலும் ஒரு முகப்புக் குறிப்பு இடம்பெற்றது. இக்கட்டுரையின் முதன்மைச் சான்று அக்குறிப்பே.

அக்காலத்தில் தமிழுக்குப் பொதுவான கணினிக் குறியாக்கம் நடைமுறையில் இல்லை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழ் இடம்பெற்றிருந்தது என்றாலும், அதனைத் திரையில் காட்டவல்ல இயங்குதளம் பரவலாகவில்லை. ஒவ்வோர் எழுத்துரு உருவாக்குநரும் தமக்கென ஓர் இட ஒதுக்கீட்டைப் பின்பற்றினர். இணையவழி உரையாடல்களின் பயனாகத் திஸ்கி உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் ஆகியவற்றை ஏற்றது. மதுரைத் திட்டம் திஸ்கியைத் தெரிவு செய்தது. 2004 முதல் ஒருங்குறியிலும் நூல்களை வெளியிட்டது.

ஆகவே முகப்புக் குறிப்பு நூலைப் படிப்பதற்கான நிபந்தனைகளையும் சொல்ல வேண்டியிருந்தது. திஸ்கி வடிவத்தின் முகப்பு எத்தகைய எழுத்துருவை நிறுவ வேண்டும் என்று கூறியது. ஒருங்குறி வடிவத்தின் முகப்பு லதா, இணைமதி போன்ற எழுத்துருக்களைப் பெயர் சுட்டியது. விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பி தேவை என்றது. நெட்ஸ்கேப் 6, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 ஆகிய உலாவிகளைக் குறிப்பிட்டு, அவற்றில் யுடிஎஃப்-8 காட்சிக்குத் தமிழ் எழுத்துருவைத் தெரிவு செய்யுமாறு அறிவுறுத்தியது. எழுதப்பட்ட காலத்தில் இவை அனைத்தும் துல்லியமானவை, இன்றியமையாதவை. விண்டோஸ் 2000க்கு முந்தைய கணினியில் ஒருங்குறித் தமிழ் வெறும் கட்டங்களாகவே தோன்றும் என்பதை அறிந்த வாசகர் அன்று சிலரே.

நெட்ஸ்கேப் உலாவிக்கான ஆதரவு 2008 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 சூனில் ஓய்வு பெற்றது. முகப்பிலுள்ள அறிவுரையோ அப்படியே நிற்கிறது. அதற்கு ஒரு காரணம் அம்முகப்பிலேயே உள்ளது: முகப்புப் பக்கத்தைச் சிதைக்காமல் வைத்திருந்தால் கோப்பை எவரும் தடையின்றிப் பகிரலாம் என்பது திட்டத்தின் நிபந்தனை. தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்களைக் காத்த அதே நிபந்தனை நெட்ஸ்கேப்பையும் உடன் காத்தது.

இதனைக் குறையாகக் கருதுவோர் உளர். இன்றைய மாணவர் அவ்வறிவுரையைப் படித்து எக்ஸ்பியைத் தேடி அலைய மாட்டார். ஆனால் இந்நூல் தம் கணினியில் திறக்காதோ என ஐயுறக்கூடும். ஐயம் நியாயமானது. எனினும் முகப்பை முழுமையாக நீக்குவது அதைவிடப் பெரிய இழப்பாகும் என்பதைக் குறியாக்க வரலாறு காட்டுகிறது.

குறியாக்கத்தின் பெயர்

திஸ்கி எட்டு இருமக் குறியாக்கம். அதன் முற்பாதி ஆங்கில எழுத்துகளுக்கும் பிற்பாதி தமிழ் வடிவங்களுக்கும் உரியது. எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமிக்கப்படும்: ‘கொ’ என்பதில் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்துக் ககரம், பின்னர்க் கால். ஒருங்குறியில் ககரமே முதலில் நிற்கும். உயிர்க்குறி அதனைத் தொடரும். எனவே ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு எண்ணுக்கு எண் இடும் அட்டவணை போதாது. வரிசையையும் மாற்ற வேண்டும். அம்மாற்றத்தைச் செய்யும் நிரல் குனூ சி நிரலகத்தில் உள்ளது. கோப்பு திஸ்கியில் அமைந்தது என்பது தெரிந்தால் ஒரே கட்டளையில் நூல் மீண்டுவிடும்.

தெரியாவிட்டால் நிலை வேறு. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட ஒரு பக்கம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகத் தோன்றுகிறது. புள்ளி பெற்ற மெய்கள் மிகுதி என்பதால் அரைப்புள்ளியும் மிகுதி. அதைக்கொண்டு இது பாமினி என்று பழகிய கண் ஊகித்துவிடும். அத்தகைய அடையாளம் இல்லாத தனியார் எழுத்துருக்களில் அமைந்த ஆய்வேடுகளும் பருவ இதழ்களும் எழுத்துருவின் பெயர் குறிக்கப்படாமல் குறுந்தட்டுகளில் இருந்தால், அவற்றை மீட்பது கல்வெட்டு வாசிப்பை ஒத்த உழைப்பாகிவிடும். தொண்ணூறுகளில் ஒரு துறைத்தலைவர் தம் மாணவரிடம் எழுத்துருவின் பெயரைப் பின்னட்டையில் எழுதச் சொல்லியிருந்தால் அவ்வுழைப்பு பெரும்பாலும் தேவைப்பட்டிருக்காது.

இவ்விடத்தில் முகப்புக் குறிப்பின் இரு கூறுகள் பிரிந்து தெரிகின்றன. உலாவியின் பெயரும் பதிப்பெண்ணும் செயலுக்கான அறிவுரைகள், அவை பழமையுற்றன. குறியாக்கத்தின் பெயர், தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியன கோப்பைப் பற்றிய உண்மைகள், அவை பழமையுறவில்லை. பத்திரத்தில் எண்ணுக்கும் செக்குபந்திக்கும் உள்ள வேறுபாட்டை இது ஒத்துள்ளது, முழுமையாக அன்று எனினும்: எல்லையிலுள்ள அண்டை நிலமும் கைமாறும்.

அண்மைக்கால வெளியீடுகளில் எழுத்துரு அறிவுரைகள் மறைந்து முகப்பு சுருங்கியுள்ளது. கூகுள் எழுத்துணரி வழி உருவாக்கி மெய்ப்புப் பார்த்த நூல் எனின் அது குறிக்கப்படுகிறது. இது பாடவேறுபாட்டு ஆய்வாளர்க்கு மிகவும் வேண்டிய செய்தி. கையால் தட்டச்சிடுவோர் சொல்லையோ அடியையோ தவறவிடுவர். எழுத்துணரியோ வடிவத்தால் ஒத்த எழுத்துகளை மயங்கும். பிழையின் இயல்பை அறியக் கருவியின் பெயர் வேண்டும்.

மாறாப் பெயரும் ஓரக்குறிப்பும்

ஒருங்குறிச் சேர்த்தியம் மற்றொரு வழியைக் கையாண்டது. ஓர் எழுத்துக்கு இட்ட எண்ணும் பெயரும் பின்னர் மாற்றப்படா என்பது அதன் நிலைப்புக் கொள்கை. தமிழ் ஆய்தத்திற்கு அதன் பட்டியலில் அமைந்த பெயர் விசர்க்கம். பிற இந்திய எழுத்துகளின் வரிசையை அடியொற்றி இட்ட பெயர் அது. தமிழிலக்கண நோக்கில் பிழையானது. பெயரைத் திருத்தினால் அப்பெயரை நம்பி எழுதிய நிரல்கள் முறியும். ஆகவே பெயர் நிற்க, அதன்கீழ் ஆய்தம் என்னும் ஓரக்குறிப்பு சேர்ந்தது. அனுஸ்வரம் என்னும் குறிக்குத் தமிழில் வழங்குவதில்லை என்னும் குறிப்பு உண்டு. தமிழறிஞர்க்கு இவ்வேற்பாடு மனநிறைவு தரவில்லை என்பது இயல்பே. ஆயினும் மூலத்தைத் தொடாமல் உரையால் திருத்தும் இம்முறை தமிழ் மரபுக்குப் புதிதன்று. பவணந்தியாரின் நன்னூலுக்கு மயிலைநாதர் உரை கண்டார். பிற்காலத்தில் சங்கர நமச்சிவாயர் விருத்தியுரை வரைந்தார். அதனைச் சிவஞான முனிவர் திருத்திப் புத்தம்புத்துரை ஆக்கினார். நூற்பா அவ்வாறே இருக்க, விளக்கம் காலந்தோறும் புதுப்பிக்கப்பட்டது.

பதிப்புச் சுட்டு

மென்பொருள் ஆவணத்துறையிலும் இதனை ஒத்த நடைமுறை உருவாகியுள்ளது. பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 திசம்பரில் வெளிவந்தது. தமிழுக்கு அதன் சிறப்பு, சரங்கள் இயல்பாகவே ஒருங்குறியாக அமைந்தமை. இரண்டாம் பதிப்பில் தமிழ்ச் சரத்தின் முன் தனி அடையாளம் இட வேண்டியிருந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 தொடக்கத்தில் முடிந்த பின்னரும் அதன் ஆவணங்கள் இணையத்தில் உள்ளன. நடப்பு ஆவணத்திலோ ஒரு வசதி எப்பதிப்பில் சேர்ந்தது, எப்பதிப்பில் மாறியது என்னும் சுட்டு அவ்வசதியின் விளக்கத்தை ஒட்டியே அமைகிறது. பழைய நிரலைப் பேணுபவர் தமக்குரிய பக்கத்தையும், புதியவர் தமக்குரியதையும் காணலாம். பழைய எண்ணும் மறுஅளவை எண்ணும் அருகருகே நிற்கும் அகத்தீசுவரம் வட்டத்துப் பத்திரத்தின் தருக்கமே இது.

தமிழில் எழுதப்படும் மென்பொருள் நூல்களில் இச்சுட்டு அரிதாகவே காணப்படுகிறது. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிய பாடங்களைப் படைப்பாக்கப் பொதுமங்கள் உரிமத்தில் வெளியிட்டு வருகிறது. திருத்தவும் மறுபதிப்பிடவும் அவ்வுரிமம் இடமளிப்பதால், மூல ஆசிரியரை எதிர்பாராமல் பிறரொருவர் புத்துரை செய்ய வழி திறந்துள்ளது. அவ்வாறு செய்பவர்க்கு முதலில் தேவைப்படுவது, பாடம் எழுதப்பட்ட நாளும் அன்று சோதித்த மென்பொருளின் பதிப்பெண்ணும். மதுரைத் திட்டத்தின் முகப்பில் நெட்ஸ்கேப் 6 என்னும் எண் இருப்பதனாலேயே அவ்வறிவுரை எக்காலத்துக்குரியது என்பதை இன்றைய வாசகர் கணிக்க முடிகிறது.