பலராமின் கடைசி சீசன்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப பாளையங்கோட்டைல பசங்க பந்து உதைச்சிட்டு இருந்தாங்க. "ஒலிம்பிக்ஸ் ஃபுட்பால்ல நாம நாலாவது வந்திருக்கோம், தெரியுமாலே?"ன்னு ஒருத்தன்கிட்ட கேட்டேன். நான் கதை விடுதேன்னு நெனச்சிட்டான்.

நெசம்தான் மக்கா. 1956, மெல்போர்ன். அந்த அணியில இருந்தவர் துளசிதாஸ் பலராம். 1936-ல் செகந்திராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் ஹங்கேரிக்கு எதிராக கோல் அடித்தார் (2-1ன்னு தோத்தோம்). 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம். சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம்னு மூணு பேரையும் சேர்த்தேதான் சொல்வாங்க.

கல்கத்தாவில் 1957லேர்ந்து ஈஸ்ட் பெங்கால்தான் அவர் கிளப். 1961-ல் கேப்டன், லீக் கோப்பையும் வந்தது. 1963-ல் அதை விட்டுட்டு பெங்கால் நாக்பூர் ரயில்வே அணிக்குப் போனார். அங்கே ஒரே சீசன். நுரையீரல் நோய் வந்து ஆட்டமே முடிஞ்சது. வயசு முப்பதுகூட ஆகல.

நாங்க கம்பெனி மாறினா கேக் வெட்டி வழியனுப்புறாங்க. மறுநாள் ரெண்டு பக்கமும் மறந்துடுறோம். பலராமால முடியல. கிளப் மேல இருந்த மனத்தாங்கல், 2023 பிப்ரவரியில் 86 வயசுல காலமாகும்வரை போகல. அறுபது வருஷக் கோபம்! பாசம் இல்லாம அது வருமா?