மேசைத் திரையிலிருந்து கைத்திரைக்கு

இணையப் பக்கம் தொடக்கத்தில் மேசைக் கணினிக்காகவே கட்டப்பட்டது. 640 பிக்சல், பிறகு 800, அதன்பின் 1024 என்று ஓர் அகலத்தை முன்கூட்டியே முடிவுசெய்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கினார்கள். 

2007இல் வந்த ஐபோன் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. அதன் உலாவி எந்தப் பக்கத்தையும் 980 பிக்சல் அகலமுள்ளதாகக் கருதிச் சுருக்கிக் காட்டியதால், எழுத்துகள் படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்தன. சில நிறுவனங்கள் கைபேசிக்கென்று தனித் தளம் நடத்தின. ஒரே செய்தியை இரண்டு இடங்களில் பராமரிக்கும் சுமை அதனால் கூடியது.

தீர்வை இணைய வடிவமைப்பாளர் ஈதன் மார்காட் 2010 மே மாதம் ‘எ லிஸ்ட் அபார்ட்’ இணைய இதழில் எழுதினார். பத்திகளின் அகலத்தைச் சதவீதத்தில் குறிப்பது, படங்களைச் சுருங்கவிடுவது, திரையின் அகலத்தைக் கேட்டறிந்து விதிகளை மாற்றுவது ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவர் சொன்ன ரெஸ்பான்சிவ் முறை. விதி மாறும் அகலம்தான் பிரேக்பாயிண்ட். திரையின் அகலத்தைக் கேட்டறியும் மீடியா குவெரி 2012 ஜூனில் முறையான தரமானது. பூட்ஸ்டிராப் என்ற வடிவமைப்புச் சட்டகத்தின் 2013இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு கைபேசியை முதன்மையாக்கியது. அதிலிருந்த 768, 992, 1200 என்ற எண்களை உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையச் செலவு வெகுவாகக் குறைந்தது. நாமக்கல்லின் லாரி ஓட்டுநரும் கோழிப்பண்ணையாளரும் கைபேசி வழியாகவே இணையத்துக்கு வந்தார்கள். சேலம், நாமக்கல் மாவட்ட நிர்வாகங்களின் தளங்கள் இன்று தேசிய தகவலியல் மையத்தின் பொதுத் தளமேடையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இயங்குகின்றன. அகன்ற திரையில் வரிசையாக நிற்கும் மெனுப் பட்டியல், குறுகிய திரையில் ஒரு பொத்தானுக்குள் மடங்கிக்கொள்கிறது.

ஆனால் ஆங்கிலத்துக்குப் பொருந்தும் எண் தமிழுக்குப் பொருந்துவதில்லை. ஆங்கிலத்தில் ஒரே வரியில் நிற்கும் பட்டியல், ‘மாவட்ட ஆட்சியர் அலுவலகம்’ போன்ற தலைப்புகளால் அதே அகலத்தில் இரண்டு வரியாகிவிடும். ‘மாற்றுத்திறனாளிகளுக்கான’ என்ற ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் இட்டால், 320 பிக்சல் திரையைத் தாண்டி வழியும். அதனால் தமிழ்ப் பக்கத்தின் பட்டியல் இன்னும் அகன்ற திரையிலேயே மடங்கத் தொடங்க வேண்டும்; நீண்ட சொல்லை உடைக்கவும் விதி வேண்டும்.

அட்டவணை இதைவிடக் கடினம். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலைகளை ஊர் வாரியாக, நாள் வாரியாக அடுக்கினால் மாதத்துக்கு 31 நெடுவரிசை வரை வரும். எந்தக் கைபேசியிலும் அது அடங்காது. ஊர்ப்பெயர் நெடுவரிசையை நிலைநிறுத்தி மற்றவற்றை மட்டும் பக்கவாட்டில் நகரவிடுவது ஒரு வழி. நாமக்கல்லின் அன்றைய விலையை மேலே காட்டி, மாத விவரத்தைக் கீழே தருவது பண்ணையாளருக்கு அதைவிட உதவும்.

2023 பிப்ரவரிக்குள் முக்கிய உலாவிகள் அனைத்திலும் கன்டெய்னர் குவெரி வந்துவிட்டது. பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் தனக்குக் கிடைத்த இடத்தைப் பார்த்துத் தானே மாற இது வழிசெய்கிறது. கருவிகளின் அளவு ஆண்டுதோறும் மாறும். அவற்றைத் துரத்தி எண் குறிப்பது வீண். தமிழ் வரி எந்த அகலத்தில் உடைகிறதோ, அதுவே தமிழ்ப் பக்கத்துக்கு உரிய பிரேக்பாயிண்ட்.