பழமை மகிழுந்துகளின் வெளிப்புற அணிப்பாகங்கள்

பழமை மகிழுந்துகளின் வெளிப்புற அணிப்பாகங்கள் என்பன மகிழுந்தின் உடற்கூட்டுக்கு வெளியே பொருத்தப்படும் பளபளப்பான உலோகப் பட்டைகள், முன்கிரில், பம்பர், கதவுக் கைப்பிடி, பெயர்ச் சின்னம், விளக்கு வளையம், கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங், இரப்பர் அடைப்புகள் முதலியவற்றைக் குறிக்கும். இவை அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. தகடுகள் சேரும் இடங்களை மறைத்தல், மழைநீரைத் திசைதிருப்புதல், சிறு உரசல்களிலிருந்து வண்ணப்பூச்சைக் காத்தல் ஆகிய பணிகளையும் இவை செய்கின்றன.

பழைய வண்டி ஒன்றைச் சீரமைக்கும்போது எந்தப் பாகத்தைக் காப்பது, எதை மாற்றுவது, மாற்றுவதாயின் எவ்வாறு பொருத்துவது என்பன முதன்மையான கேள்விகள் ஆகும். தவறான தெரிவினால் வண்டியின் வரலாற்றுத் தன்மை குன்றும். தவறாகப் பொருத்தினால் பட்டையின் பின்புறம் கண்ணுக்குத் தெரியாமல் துரு பரவி உடற்கூடே அழியக்கூடும். விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கரை, அதனை ஒட்டிய பெருமுக்கல் வட்டாரம் போன்ற இடங்களில் இவ்விடர் கூடுதலாகும்.

தமிழ்நாட்டில் காணப்படும் பழமை மகிழுந்துகள்

தமிழ்நாட்டில் சீரமைப்புக்கு உட்படும் இந்தியத் தயாரிப்பு வண்டிகளுள் பின்வருவன குறிப்பிடத்தக்கவை.

* அம்பாசடர்: மோரிஸ் ஆக்சுபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டது. இந்துசுதான் மோட்டார்சு நிறுவனத்தால் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்டது.
* ஃபியட் 1100 டிலைட், பிரீமியர் பத்மினி: மும்பையின் பிரீமியர் ஆட்டோமொபைல்சு நிறுவனத்தால் 1964 முதல் உற்பத்தி செய்யப்பட்டது. 1974 முதல் பத்மினி என்னும் பெயரில் விற்கப்பட்டது.
* ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்சு நிறுவனம் 1961 முதல் உற்பத்தி செய்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டே இதன் மூலம். எனினும் நான்கு கதவு கொண்ட வகை இந்தியாவுக்கே உரியது. ஆகவே அதன் பின்கதவுப் பட்டைகளை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க இயலாது.

ஒரே பெயர் கொண்ட வண்டியிலும் அணிப்பாகங்கள் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். அம்பாசடரின் முதல் வகைக்கும், 1960களின் தொடக்கத்தில் வந்த மார்க் 2 வகைக்கும், 1975இல் வந்த மார்க் 3 வகைக்கும் முன்கிரில் ஒன்றல்ல. எனவே "அம்பாசடர் கிரில்" என்று மட்டும் கேட்டு வாங்குவது பிழையில் முடியும். உற்பத்தி ஆண்டு, வகை, உடற்கூட்டு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு தேடுதல் வேண்டும்.

உப்புக் காற்றின் தாக்கம்

பெருமுக்கல், திண்டிவனம்–மரக்காணம் சாலையை ஒட்டி, குன்றின் அடிவாரத்தில் அமைந்த ஊர் ஆகும். அதற்குக் கிழக்கே கழுவேலிக் கழிமுகமும் மரக்காணம் உப்பளங்களும் உள்ளன. கடல் அலைகளிலிருந்து எழும் உப்புத் துளிகளுள் பெரியவை கரைக்கு அருகிலேயே படிந்துவிடும். உள்நாட்டை நோக்கிச் செல்லச் செல்லப் படியும் உப்பின் அளவு விரைவாகக் குறையும். ஆகவே பெருமுக்கலில் நிறுத்தப்படும் வண்டி, மரக்காணத்தில் நிறுத்தப்படும் வண்டியை விடக் குறைவாகவே பாதிக்கப்படும். ஆயினும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி ஓடும் வண்டிக்கு இந்தப் பாதுகாப்பு முழுமையாகக் கிட்டாது.

தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாக மாறும். உப்பளத்துக் கழிநீரில் மிகுந்துள்ள மக்னீசியம் குளோரைடோ ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே அவ்வாறு மாறிவிடும். ஆகவே உப்பளக் காற்றில் நின்ற வண்டியின் பட்டை இடுக்குகள், பகலில் உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். துரு இடைவிடாது வளர இதுவே காரணம்.

உலோக அரிமானம் பற்றிய ஆய்வில் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் குறிப்பிடத்தக்கது. இதற்கு 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்நிறுவனம் மண்டபம் கடற்கரையிலும் அரிமான ஆய்வு நிலையம் ஒன்றைக் கொண்டிருந்தது.

உலோகத்தை அடையாளம் காணல்

மாற்றுப் பாகம் தேடுவதற்கு முன் பழைய பாகம் எந்த உலோகத்தால் ஆனது என்று அறிதல் இன்றியமையாதது.

* குரோம் முலாமிட்ட எஃகு: பம்பர்களில் காணப்படும். காந்தம் வலுவாக ஒட்டும். பின்புறம் செந்துரு தென்படும்.
* துருவேறா எஃகு: பக்கப் பட்டைகளிலும் கண்ணாடி ஓரங்களிலும் காணப்படும். முன்புறமும் பின்புறமும் ஒரே நிறமாக இருக்கும். இதன் சில வகைகளில் காந்தம் ஒட்டும், சிலவற்றில் ஒட்டாது. எனவே காந்தச் சோதனையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது.
* துத்தநாகக் கலவை வார்ப்பு: கைப்பிடி, பெயர்ச் சின்னம், விளக்குத் தாங்கி ஆகியவற்றில் காணப்படும். கனமாக இருக்கும், காந்தம் ஒட்டாது. பழுதடைந்தால் முலாமின் அடியில் கொப்புளங்கள் எழும். இது 400 பாகை செல்சியசுக்கும் குறைந்த வெப்பத்திலேயே உருகுவதால் வழக்கமான வெல்டிங்குக்கு உகந்ததன்று.
* நேர்மின்வாயேற்றம் பெற்ற அலுமினியம்: எடை மிகக் குறைவு. அரிமானம் வெண்பொடியாகத் தோன்றும். இதனை உராய்த்துப் பாலிஷ் செய்தால் மேலுள்ள ஆக்சைடுக் காப்புப் படலம் போய்விடும். பின்னர் மீண்டும் நேர்மின்வாயேற்றம் செய்தாலன்றிப் பளபளப்பு நிலைக்காது.

காத்தலும் மாற்றுதலும்

பழமை ஊர்திகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட துரின் சாசனம், உள்ளதை உள்ளவாறு காத்தலுக்கு முதலிடம் தருகிறது. தேய்ந்தாலும் மூலப் பாகம் ஒரு வரலாற்றுச் சான்று என்பதும், மாற்றம் தேவையான அளவைத் தாண்டக்கூடாது என்பதும் அதன் அடிப்படைக் கருத்து. இதனை நடைமுறைப்படுத்தும் வரிசை பின்வருமாறு அமையலாம்.

1. நெளிவு மட்டும் உள்ள துருவேறா எஃகுப் பட்டையைக் கழற்றி, பின்புறமிருந்து மரக்கட்டையின் மேல் மெல்லத் தட்டி நிமிர்த்திப் பாலிஷ் செய்தல்.
2. முலாம் உரிந்து, அடி உலோகம் நலமாக உள்ள பாகத்துக்கு மறுமுலாம் இடுதல்.
3. உடைந்தோ உளுத்தோ போன பாகத்தை மட்டும் மாற்றுதல்.

மாற்றிய பின்னும் பழைய பாகத்தை எறிந்துவிடாது பாதுகாத்தல் நன்று. துளைகளின் இடைவெளி, வளைவு, எழுத்துருவின் அளவு ஆகியவற்றுக்கு அதுவே அளவுகோல் ஆகும்.

மாற்றுப் பாகம் தெரிவு செய்தல்

மாற்றுப் பாகங்கள் பொதுவாக மூன்று வழிகளில் கிடைக்கின்றன.

முதலாவது, கழித்த வண்டியிலிருந்து எடுத்த மூலப் பாகம். சென்னைப் புதுப்பேட்டையும் கொல்கத்தாவின் மல்லிக் பசாரும் பழைய வண்டிப் பாகங்களுக்குப் பெயர்பெற்றவை. இவற்றில் வளைவு சரியாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆயினும் பின்புறத் துருவையும், ஒட்டுப்போட்ட இடங்களையும் வெளிச்சத்தில் ஆராய்ந்து வாங்குதல் வேண்டும்.

இரண்டாவது, அக்காலத்திலேயே தயாரிக்கப்பட்டு விற்காமல் தங்கிய புதுப் பாகம். உலோகப் பாகங்களுக்கு இதுவே சிறந்தது. இரப்பர் அடைப்புகளுக்கு இது பொருந்தாது. பல ஆண்டுகள் கிடந்த இரப்பர், பயன்படுத்தப்படாவிட்டாலும் இறுகி வெடிக்கும்.

மூன்றாவது, இன்று புதிதாகச் செய்யப்படும் படிப்பாகம். இதில் தகட்டின் தடிமனும் வளைவும் வேறுபடலாம். பட்டையை வண்டியின் மேல் கையால் வைத்துப் பார்க்கும்போது இரு முனைகளும் வலிந்து அழுத்தாமலே தகட்டைத் தொட வேண்டும். வலிந்து வளைத்துப் பொருத்திய பட்டை நாளடைவில் கிளிப்புகளைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

இடப்பக்கப் பட்டையும் வலப்பக்கப் பட்டையும் ஒரே தயாரிப்பாக இருத்தல் நல்லது. வெவ்வேறு தயாரிப்புகளின் பளபளப்பு ஒத்துப்போவதில்லை.

மறுமுலாமும் சுற்றுச்சூழலும்

குரோம் முலாம் எனப்படுவது உண்மையில் பல அடுக்குகளால் ஆனது. நன்கு செய்யப்பட்ட பாகத்தில் செம்பு, அதன் மேல் நிக்கல், அதன் மேல் குரோமியம் என அமையும். நிக்கல் அடுக்கு சில பத்து மைக்ரான் தடிமன் கொண்டது. குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. துருவைத் தடுப்பது பெரும்பாலும் நிக்கலே. குரோமியம் நீல நிறம் கலந்த ஒளியையும் கடினத்தையும் தருகிறது. நிக்கலில் நுண்துளை இருந்தால் அவ்வழியே உப்புநீர் எஃகை அடையும். எஃகு, நிக்கலை விட எளிதில் அரிபடும் உலோகம் ஆதலால், சிறு துளையிலேயே அரிமானம் முழுவதும் குவிந்து ஆழமான குழி உண்டாகும். கடற்கரை வண்டிகளின் பம்பரில் தோன்றும் செம்புள்ளிகள் இவையே. ஆகவே மலிவாக நிக்கலைக் குறைத்து இடும் முலாம் உப்பளப் பகுதியில் நீண்ட நாள் நிற்பதில்லை.

மரபான குரோம் முலாமுக்குப் பயன்படும் ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலையின் கழிவுக் குவியலால் நிலமும் நிலத்தடி நீரும் மாசடைந்தமை, இச்சேர்மத்தைக் கையாள்வதில் உள்ள பொறுப்பை உணர்த்தும். எனவே முலாம் பணியை வீட்டில் செய்ய முற்படாது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி கொண்ட பட்டறையிலேயே செய்தல் வேண்டும். மூவிணைதிறக் குரோமிய முறை ஒப்பளவில் தீங்கு குறைந்தது. எனினும் அதன் நிறம் பழைய முலாமிலிருந்து சற்று வேறுபடலாம். ஆதலால் முன்பக்கப் பாகங்கள் அனைத்துக்கும் ஒரே முறையைக் கையாளுதல் நலம்.

பொருத்தும் முறை

கழற்றுதல்: கழற்றும் முன் ஒளிப்படம் எடுத்து, கிளிப்புகளின் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வண்ணப்பூச்சின் மேல் காகித ஒட்டுநாடா ஒட்டி, மரத்தாலோ நெகிழியாலோ ஆன ஆப்பினால் பட்டையைக் கிளிப்புக்கு அருகில் நெம்புதல் வேண்டும். பட்டையின் நடுவில் பிடித்து இழுத்தால் அது நெளிந்துவிடும்.

துளைகளைச் செப்பனிடுதல்: துளையைச் சுற்றியுள்ள துருவை வெறும் உலோகம் தெரியும்வரை அகற்றி, துருத்தடுப்பு முதற்பூச்சும் வண்ணமும் பூசி, முழுமையாக உலரவிட வேண்டும். துளையின் உட்புற விளிம்பும் பூசப்பட வேண்டும். பெரிதாகிப்போன துளையைப் பட்டி வைத்து மூடிவிட்டு அதன் மேல் கிளிப்பைப் பொருத்துதல் தவறு. தகடு வைத்து வெல்டிங் செய்து புதுத் துளை இடுதலே முறை.

உலோகங்களைப் பிரித்தல்: இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் மின்கலம்போல் செயல்பட்டு, எளிதில் அரிபடும் உலோகம் கரையும். அலுமினியப் பட்டையைப் பித்தளைத் திருகாணியால் பொருத்தினால் அலுமினியம் அரிபடும். துருவேறா எஃகுப் பட்டை நேரடியாகத் தகட்டைத் தொட்டால் தகடு துருப்பிடிக்கும். எனவே நைலான் கிளிப், இரப்பர் அல்லது நெகிழி வாஷர், இறுகாத அடைப்புப் பசை ஆகியவற்றால் இரண்டையும் பிரித்தல் வேண்டும்.

நேர்க்கோடு அமைத்தல்: முன்கதவிலிருந்து பின்கதவு வரை நூல் கட்டிக் கோட்டைக் குறிக்க வேண்டும். கதவின் விளிம்பில் பட்டை முனைக்குச் சிறு இடைவெளி விட்டு, கதவை மெல்லத் திறந்து மூடிப் பார்த்த பின்னரே நிலையாகப் பொருத்த வேண்டும். பம்பர், கிரில் போன்றவற்றில் எல்லாத் திருகாணிகளையும் முதலில் தளர்வாக இட்டு, இருபுற இடைவெளியும் சமமான பின் சிறிது சிறிதாக மாறிமாறி இறுக்குதல் வேண்டும். பம்பரைத் தாங்கிப் பிடிக்க இருவர் தேவை.

இரப்பரும் பீடிங்கும்: கண்ணாடி இரப்பரின் பள்ளத்தில் பீடிங்கைச் செலுத்தச் சோப்புநீரைப் பயன்படுத்தலாம். இயந்திர எண்ணெயோ கிரீசோ இயற்கை இரப்பரை உப்பச் செய்து கெடுக்கும்.

ஒட்டுநாடா: துளையில்லாச் சின்னங்களுக்கு இருபுற ஒட்டுநாடா பயன்படும். தகட்டை ஆல்ககாலால் துடைத்து, நிழலில், தகடு தொடச் சுடாத நிலையில் ஒட்டுதல் வேண்டும். சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் உடனே ஒட்டுவது உகந்ததன்று. முழுப் பிடிப்பு ஏற்பட ஏறத்தாழ மூன்று நாள் ஆகும் என்பதால் அதுவரை வண்டியைக் கழுவுதல் கூடாது.

பராமரிப்பு

கடற்கரைப் பயணத்துக்குப் பின் பட்டை இடுக்குகளை நல்ல நீரால் கழுவுதல் முதன்மையான காப்பு ஆகும். உவர்ப்பான கிணற்றுநீர் இதற்கு ஆகாது. கழுவிய பின் உலர்த்தி, ஆண்டுக்கு ஓரிரு முறை மெழுகு பூச வேண்டும். ஈரத்தை அடைத்து வைக்கும் நெகிழி உறையினும் காற்றோட்டமுள்ள கூரையே சிறந்தது. கதவுகளின் அடியில் உள்ள நீர்வடி துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என மழைக்காலத்துக்கு முன் பார்த்தல் வேண்டும்.

சட்ட நிலை

இந்திய நடுவண் அரசு 2021 சூலையில் மோட்டார் ஊர்தி விதிகளைத் திருத்தி, முதற் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர ஊர்திகளைப் பழமை ஊர்திகளாகப் பதிய வழிசெய்தது. அடிச்சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெருமளவு மாற்றமின்றி மூல வடிவில் பேணப்பட்டிருத்தல் இதற்குரிய நிபந்தனையாகும். வகைக்கும் ஆண்டுக்கும் உரிய அணிப்பாகங்களைத் தெரிவு செய்தல் இம்மூல வடிவைப் பேண உதவும். பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட முன்புற இரும்புக் காப்புக் கம்பிகளைப் பொறுத்தவரை, அனுமதியின்றிப் பொருத்தியவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 திசம்பரில் நடுவண் அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. சீரமைப்பின்போது அவற்றை நீக்கிவிடுதல் தகும்.

இவற்றையும் பார்க்க

* அம்பாசடர் மகிழுந்து
* மின்முலாம் பூசுதல்
* உலோக அரிமானம்
* மரக்காணம்
* பெருமுக்கல்