கடமைப்பட்டவன் இல்லாத உரிமை: அரசாங்கமற்ற சோமாலியாவும் சர்வதேச உதவியும்

குடிமை, அரசியல் உரிமைகளைப் பற்றிய சர்வதேச உடன்படிக்கையையும், பொருளாதார, சமூக, கலாசார உரிமைகளைப் பற்றிய உடன்படிக்கையையும், சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையையும் சோமாலியா 1990 ஜனவரி 24ஆம் தேதி ஏற்றுக்கொண்டது. 1988இல் ஹர்கெய்ஸா நகரத்தின்மீது, அந்நகரத்தின் விமான நிலையத்திலிருந்தே விமானங்களை ஏவிக் குண்டு பொழிந்த சியாத் பாரேயின் சர்வாதிகார ஆட்சிதான் இவ்வளவு உத்தமமான பத்திரங்களில் தன்னைப் பிணைத்துக்கொண்டது என்பது ஒரு விபரீதம். ஓராண்டு கழிந்து 1991 ஜனவரி இறுதியில் அந்த ஆட்சியே கவிழ்ந்து, அதன் இடத்தில் வேறோர் அரசாங்கமும் தோன்றாமற்போயிற்று என்பது அதைவிடப் பெரிய விபரீதம்.

அரசாங்கம் அழிந்தாலும் ராஜ்யம் அழிவதில்லை என்பது சர்வதேசச் சட்டத்தின் சித்தாந்தம். ஆகவே சோமாலியா ஐக்கிய நாடுகள் சபையின் அங்கத்தினராகவே நீடித்தது. அதன் பொறுப்புகளும் காகிதத்தில் நீடித்தன. ஆனால் மனித உரிமைச் சாஸ்திரம் முழுவதும், குடிமகனுக்கு எதிரில் கடமைப்பட்ட அரசு ஒன்று நிற்கிறது என்ற அநுமானத்தின்மேல் எழுப்பப்பட்டது. அந்த அரசு இல்லாதபோது முறையீட்டை யாரிடம் சமர்ப்பிப்பது? முதலில் ஓர் அரசாங்கத்தை நிறுவுக, உரிமைகள் பின்னால் வரும் என்பதே உலக நாடுகள் நெடுங்காலம் கண்ட விடை. அந்த வரிசைக் கிரமம் தவறானது என்பதே என் கட்சி.

பஞ்சமும் குலச்சண்டையும் லட்சக்கணக்கானவர்களின் உயிரைக் குடித்த 1992ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகள் சபையின் பிரதிநிதியாக மொகதிஷுவுக்கு வந்த அல்ஜீரிய ராஜதந்திரி முகம்மது சஹ்னூன், அலி மஹ்தி, ஐதீத் ஆகிய இரு போர்க்குழுத் தலைவர்களோடு மட்டும் பேசாமல், குலத் தலைவர்களையும் முதியோரையும் தேடிச்சென்று இணக்கத்தை மெல்ல வளர்க்க முயன்றார். அவரைக் கலந்துகொள்ளாமலே படைகளைப் பெருக்கும் அறிவிப்பு வெளிவந்தது. சபையின் ஸ்தாபனங்களுடைய மெத்தனத்தை வெளிப்படையாகக் கண்டித்த அவர் அக்டோபரில் பதவி துறக்க நேர்ந்தது. அதன்பின் வந்தது டிசம்பர் 3ஆம் தேதிய 794ஆம் தீர்மானம். அமெரிக்கத் தலைமையில் படைகள் இறங்கின. உணவு வண்டிகளுக்கு வழி திறந்தது, உயிர்கள் பல காப்பாற்றப்பட்டன என்பதை மறுப்பது நேர்மையாகாது. எனினும் 1993 மார்ச்சில் 814ஆம் தீர்மானம் ஒரு தேசத்தையே மீண்டும் கட்டியமைக்கும் பொறுப்பை 28,000 பேர் கொண்ட சேனையிடம் ஒப்படைத்தபோது காரியம் திசைமாறிற்று. ஜூன் 5ஆம் தேதி பாகிஸ்தானிய வீரர்கள் 24 பேர் கொல்லப்பட்டனர். ஜூலை 12ஆம் தேதி ஐதீத்தின் ஆதரவாளர்கள் கூடியிருந்த வீட்டின்மீது நடத்திய ஹெலிகாப்டர் தாக்குதலில் குல முதியோரும் மாண்டனர். அக்டோபரில் 18 அமெரிக்க வீரர்கள் மடிந்தபின் வல்லரசு மூட்டை கட்டிற்று. ரட்சிக்க வந்தவர்களில் ஒரு பகுதியினர் தாங்களே குற்றவாளிகளாயினர்: சோமாலியச் சிறுவன் ஒருவனை அடித்துக் கொன்ற கனடா நாட்டுப் படைப்பிரிவு 1995இல் கலைக்கப்பட்டது. (பைதோவாப் பகுதியில் கிணறு தோண்டியும் கால்நடைகளுக்கு வைத்தியம் பார்த்தும் நற்பெயர் பெற்ற இந்தியப் படையினரை இங்கே விலக்கிச் சொல்வது நியாயம்.) விசாரணையின்றிச் சிறைவைத்தவர்களைச் சபை விசாரணையின்றியே விடுவித்தது. 160 கோடி டாலருக்கு மேல் செலவாகி 1995 மார்ச்சில் அது வெளியேறியபோது, மொகதிஷுவில் அரசாங்கமும் இல்லை, நியாயஸ்தலமும் இல்லை.

அதே 1993இல், வடக்கே போரமா என்ற நகரில், தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தின் குலமுதியோர் மாதக்கணக்கில் கூடியிருந்து, பெரும்பாலும் உள்ளூர் மக்களின் செலவிலேயே, ஒரு சமாதான சாசனத்தையும் ஆட்சி முறையையும் வகுத்து முகம்மது ஈகாலைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அந்நிய சேனை ஒன்றும் அங்கு இல்லை. உலகம் இன்றளவும் பொதுவாக அங்கீகரிக்காத அந்தப் பிரதேசத்தில், அங்கீகாரம் பெற்ற தெற்கைவிட மனிதர்கள் அச்சமின்றி நடமாடினார்கள்.

ஆயினும் முதியோர் சபையையும், 'ஹீர்' எனப்படும் அவர்களுடைய சம்பிரதாயச் சட்டத்தையும் ஆதர்சமாக்கிப் போற்றுவோரோடு நான் உடன்படுவதற்கில்லை. அச்சட்டத்தில் கொலையுண்ட ஆணுக்கு ஈடு நூறு ஒட்டகமென்றால் பெண்ணுக்கு ஐம்பது. பலாத்காரத்துக்கு உள்ளான பெண்ணை அதைச் செய்தவனுக்கே மணமுடித்து வழக்கைத் தீர்ப்பதும் உண்டு. ஆயுதமும் ஆட்பலமும் இல்லாத சிறுபான்மைக் குலத்தான் தனக்குத் தீர்ப்பான ஈட்டை வசூலிக்கவும் சக்தியற்றவன். வெளியுலகின் உதவிக்கு உரிய இடம் இதுவே: அரசனை முடிசூட்டுவது அன்று, அந்தச் சபையில் குரலற்றவர்களுக்கு வழக்கறிஞரையும், அடைக்கலத்தையும், சாட்சியங்களைப் பதிந்து காக்கும் ஏற்பாட்டையும் அளிப்பது. இத்தகைய பணிக்கென ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் கமிஷன் 1993இல் சுயேச்சை நிபுணர் பதவியொன்றை ஏற்படுத்தியது. சேனைக்குக் கோடிகளை இறைத்த நாடுகள் அதற்குக் கொடுத்தது சொற்பம்.

அரசாங்கமின்மையே நீதிக்கு வாயில் திறந்த வினோதமும் உண்டு. பாரேயின் பாதுகாப்பு மந்திரியாகவும் பிரதம மந்திரியாகவும் இருந்த முகம்மது அலி சமந்தர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் குடியேறி வாழ்ந்தார். அவர்மீது சித்திரவதைக்கு உள்ளானோரும் கொலையுண்டோரின் உறவினரும் 2004இல் தொடுத்த வழக்கில், அந்நிய ராஜ்யங்களின் விலக்குரிமைச் சட்டம் தனிமனிதரான அதிகாரியைக் காக்காது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அவருக்காக விலக்குக் கோர, அமெரிக்காவின் அங்கீகாரம் பெற்ற அரசாங்கம் சோமாலியாவில் இல்லை என்பதை ஒரு காரணமாகக் காட்டி, அமெரிக்க வெளியுறவு இலாகாவும் விலக்கை மறுத்தது. 2012இல் 2.1 கோடி டாலர் நஷ்டஈடு விதிக்கப்பட்டது. ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் கிடைத்த தீர்ப்பு இது.

அரசாங்கம் வரட்டும், பொறுத்திருப்போம் என்போர் 2011ஆம் ஆண்டைச் சிந்திக்கவேண்டும். அப்போது உலக நாடுகள் பலவும் ஆதரித்த இடைக்கால அரசாங்கம் ஒன்று ஆப்பிரிக்க ஒன்றியப் படைகளின் காவலில் மொகதிஷுவில் அமர்ந்திருந்தது. 2010 முதல் 2012 வரை பசிக்குப் பலியானவர்கள் ஏறத்தாழ 2,60,000 பேர் என மதிப்பிடப்பட்டது. அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதை எட்டாதவர்கள். அல் ஷபாப் என்ற ஆயுதக் கூட்டத்தார் நிவாரண ஸ்தாபனங்களைத் தடுத்தது ஒரு காரணம். உணவு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால் பயங்கரவாதத்துக்கு உதவிய குற்றம் சாரும் என்று அந்த ஸ்தாபனங்களை அஞ்சவைத்த அமெரிக்கச் சட்டம் மற்றொரு காரணம். அதைத் தளர்த்தச் சோமாலியாவில் ஓர் அரசாங்கம் அமையவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஜூலை 20ஆம் தேதி பஞ்சம் பிரகடனமாயிற்று. தளர்த்தும் உத்தரவு ஆகஸ்டில்தான் வந்தது.